பத்திரத்தில் பாதிப் பாதி

என் மனைவி என்னைவிட நன்றாக வேதியியல் நடத்துகிறாள். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. நல்ல மனசுக்காரர்கள் இந்த இடத்தில் 'பெருமையாக இருக்கிறது' என்று எழுதுவார்கள். எனக்கு அந்த மனசு கிடையாது. இருப்பதுபோல நடிக்கவும் வராது.

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பின்னால், எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு டியூஷன் நடத்துகிறேன். எலி வளையானாலும் தனி வளை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இலத்தூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கெமிஸ்ட்ரியா, கோயில் பின்னால சார்கிட்ட விட்டுரு என்று ஊருக்குள் சொல்வார்கள். எனக்கு அரசு வேலை அமையவில்லை. என் கூடப் படித்தவர்கள் எல்லாம் கார் வாங்கி, வீடு கட்டி, சீசனுக்குக் குளிக்க வரும்போது என்னை விசாரித்துவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் ஊர் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் நிமிர்ந்து நின்றேன்.

அவளும் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான். திருவேங்கடம் பக்கம், கரிசல் காட்டுக்காரி. கல்யாணம் பேசியபோது, படித்த பெண்ணாக இருந்தால் டியூஷனுக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று என் அம்மாவிடம் சொன்னவன் நான். ஒத்தாசை என்றால் பேப்பர் திருத்துவது, கேள்வித்தாள் டைப் அடிப்பது, மாடியைப் பெருக்குவது. போர்டு பக்கம் அவள் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆனியும் ஆடியும் சொந்தமில்லை. சாரல் விழுந்தது என்று டிவியில் காட்டினால் போதும், பத்து வருஷமாகப் பேசாத உறவுகூட 'எப்படி இருக்கீய' என்று போன் போடும். வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போக வேண்டும், எண்ணெய் தேய்க்கிறவரிடம் பேரம் பேசி விட வேண்டும், அவர்கள் குளிக்கும்போது கரையில் துண்டையும் செல்போனையும் காவல் காக்க வேண்டும். போன வருஷ சீசனில் என் தங்கை வீட்டுக்காரர் தன் அண்ணன் குடும்பத்தையும் சேர்த்து வேன் பிடித்து வந்துவிட்டார். மாப்பிள்ளை ஆயிற்றே, நானே கூடப் போனேன்.

பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது என்று போலீஸ்காரர்கள் யாரையும் விடவில்லை. ஐந்தருவிக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம். குளித்து முடித்ததும், பார்டர் பரோட்டா தின்னாமல் வண்டி ஏற மாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தன. எனக்கு மாலை வகுப்பு இருந்தது. பிளஸ் ஒன்னுக்கு அன்றைக்கு முறைசார் மின்சுமை, அதாவது பார்மல் சார்ஜ், ஆரம்பிக்க வேண்டும். பரோட்டாக் கடை வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். நான் வருகிற வரைக்கும் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள் என்றேன். 'நடத்து' என்று சொல்லவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு ஏறினேன். கடைசிப் படிக்கு முன்னால் அவள் குரல் கேட்டு நின்றுவிட்டேன்.

போர்டில் மூன்று ஆக்சிஜன் அணுக்களைப் போட்டு ஓசோன் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, ஒரு பக்கம் ஒற்றைப் பிணைப்பு. அதைப் பாகப்பிரிவினை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிறக்கும்போது ஒவ்வொருத்தனும் கொண்டுவந்தது ஆறு எலக்ட்ரான். இப்ப பாகம் பிரிக்கோம். தனியா கிடக்க ஜோடி முழுசும் அவனவனுக்கு. பிணைப்புல கிடக்கது ஆளுக்குப் பாதி. பிரிச்சு முடிச்சு கையில என்ன இருக்குன்னு எண்ணுங்க. ஆறுக்கு ஒண்ணு குறைஞ்சா பிளஸ் ஒண்ணு, ஒண்ணு கூடினா மைனஸ் ஒண்ணு. இவ்வளவுதான் பார்மல் சார்ஜ்."

பிள்ளைகள் எண்ணினார்கள். இரட்டைப் பிணைப்பின் ஓரத்தில் இருப்பவனிடம் ஆறு, கணக்கு நேர். ஒற்றைப் பிணைப்பின் ஓரத்தில் இருப்பவனிடம் ஏழு, மைனஸ். நடுவில் இருப்பவனிடம் ஐந்துதான், பிளஸ். நான் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிப் போட்டு, கீழே கோடு போட்டு, மூன்று நாள் ஓட்டுவேன். மூன்றாம் நாளும் பாதிப் பேருக்கு எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியாது.

அப்போது இலத்தூர்ப் பையன் ஒருவன் எழுந்தான். ஹைட்ரஜன் குளோரைடில் ரெண்டு அணுவுக்குமே மின்சுமை பூஜ்யம்தானே வருகிறது, பிறகு ஏன் குளோரின் பக்கம் லேசாக மைனஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டான். நான் வருஷா வருஷம் உளறும் இடம் அது. அது வேறு பாடம், இது வேறு பாடம், குழப்பிக்கொள்ளாதே என்று உட்கார வைத்துவிடுவேன். இங்கே மாட்டிக்கொள்வாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது.

"பத்திரத்துல பாதிப் பாதின்னுதான் எழுதியிருக்கு. தோப்புல தேங்காய் வெட்டுதது யாரு?" என்று கேட்டாள்.

"குளோரின்" என்று கத்தினார்கள்.

பத்திரத்தில் இருப்பது முறைசார் மின்சுமை, அனுபவத்தில் இருப்பது முனைவு என்றாள். சமமாகப் பிரித்ததாக நாம் வைத்துக்கொள்கிற கணக்கு ஒன்று, யார் கை வலுவோ அவன் பக்கம் சாய்வது இன்னொன்று. இரண்டு வாரம் இடைவெளி விட்டு நான் நடத்தும் இரண்டு பாடங்களை, ஒரு தோப்பை வைத்து ஒட்டிவிட்டாள். அதோடு விட்டாளா? ஓசோனுக்குத் திரும்பினாள். இவர்கள் மூன்று பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இழுக்கிற வலு சமம், அப்படியானால் இங்கே முனைவு எங்கிருந்து வந்தது என்று அவளே கேட்டாள்.

"வலு சமம்தான். ஆனா பாகத்துலயே நடுவுல உள்ளவன் கொடுத்துட்டு நிக்கான்" என்றாள். 'நிக்கான்' என்பதை ஒரு இழுப்பு இழுத்தாள். வகுப்பு மறுபடி சிரித்தது. மூலக்கூறு நேராக இல்லாமல் வளைந்து கிடக்கிறது, அதனால் இரு பக்கத்துச் சாய்வும் ஒன்றையொன்று அடித்துப்போகவில்லை என்பதையும் விடாமல் சொன்னாள். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் உள்ளே போய்த் திருத்தியிருப்பேன். தப்பே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கீழே இறங்கிப் போய், வேனிலிருந்து ஈரத்துணிகளை எடுத்து வைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, வேதியியலுக்கும் தென்னந்தோப்புக்கும் என்ன சம்பந்தம், பிள்ளைகள் பரீட்சையில் தேங்காய் என்று எழுதப் போகிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் மாப்பிள்ளைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, நடுவில் உள்ளவன் கதை தன்னுடைய அப்பா கதை என்றாள். அவர் மூன்று பேரில் நடுவில் பிறந்தவர். கிணற்றுப் பங்கை அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுத்துவிட்டு வானம் பார்த்த காட்டோடு நின்றவர். மாமனாருக்குக் கிணறு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பது தெரியாது. இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாததை ஒரு சாயங்காலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அத்தோடு போயிருந்தால் சரி. அந்த வகுப்பை ஒரு பெண் செல்போனில் எடுத்து வைத்திருந்தாள். அது வாட்ஸப்பில் கிளம்பி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றியது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக்கொண்டே, உங்க வீட்டு மேடத்தை எம் பொண்ணு போட்டுக் காட்டினா சார் என்றார். சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பையனின் போனிலிருந்து 'நிக்கான்' என்று என் மனைவியின் குரல் கேட்டது. கழுத்தில் கத்தி இருந்ததால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புளியறை செக்போஸ்டில் வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மேடம் பேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இங்கே மேடம் பேட்ச் எல்லாம் கிடையாது, அவளுக்கு வீட்டிலேயே தலைக்குமேல் வேலை என்றேன். அவள் அப்போது அடுக்களையில்தான் இருந்தாள். எங்கள் வீட்டில் வாசலில் பேசினால் அடுக்களையில் கேட்கும். போலீஸ்காரருக்குக் காப்பி மட்டும் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கு மட்டும் உவமை வராதா என்ன? அடுத்த வகுப்பில், பிணைப்பைப் பிரிப்பது பரோட்டாவைப் பிய்ப்பது மாதிரி என்று ஆரம்பித்தேன். பின் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, சால்னா எந்த அணு சார் என்று பவ்வியமாகக் கேட்டான். அவனை வெளியே நிறுத்தினேன். பிறகு ஒரு பரீட்சை வைத்தேன். கார்பனேட், நைட்ரேட், சல்பேட் என்று முறைசார் மின்சுமையில் எங்கெங்கே சறுக்கும் என்று எனக்குத் தெரியுமோ அங்கெல்லாம் கேள்வி வைத்தேன். தோப்புக் கதை எத்தனை தூரம் தாங்கும் என்று பார்க்கலாம் என்றுதான். ஒருத்தர்கூடச் சறுக்கவில்லை. பேப்பரைத் திருத்தியது அவள்தான். மார்க்கைப் பார்த்து, நல்லா நடத்தியிருக்கீயளே என்றாள். கேலி செய்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

குற்றாலம் போகிற சாலையில் அந்த வருஷம் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிறுவனம் வந்திருந்தது. விடுதி, ஏசி வகுப்பு, வாசலில் ஆளுயரத்துக்கு ஆசிரியர்களின் படங்கள். வேதியியலுக்கு ஒரே ஒரு இடம் காலி என்று பேச்சு அடிபட்டது. சுற்று வட்டாரத்தில் கெமிஸ்ட்ரி படித்தவன் எல்லாம் அந்த இடத்துக்கு வாய் பிளந்துகொண்டிருந்தான். எனக்கும் மூக்கு வேர்த்தது. அந்தப் பலகையில் என் படம் ஏறிவிட்டால் ஊர் வாய் மறுபடி என் பக்கம் திரும்பும். வீடியோ எல்லாம் ஒரு சீசன்தான், சாரல் மாதிரி போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வலியப் போய்க் கேட்க மானம் தடுத்தது.

அப்படியிருக்கும்போது நிறுவனத்தின் நிர்வாகியே எனக்குப் போன் செய்தார். தென்காசியில் விசாரித்தோம், உங்களைச் சொன்னார்கள், ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வாருங்கள் என்றார். பார்த்தாயா, பொன் எங்கே கிடந்தாலும் பொன்தான் என்று நெஞ்சு விம்மியது. அவளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்து, அந்த ஈரக் காற்றிலும் மொடமொடவென்று தேய்த்துக் கொடுத்தாள். என்ன தலைப்பு என்று கேட்டாள். முறைசார் மின்சுமையும் பிணைப்பு முனைவும் என்று நிறுவனத்திலேயே கொடுத்திருந்தார்கள். நான் வேறு ஏதோ சொல்லி மழுப்பினேன்.

மாதிரி வகுப்பு நடந்த அறையில் விடுதிப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் நிர்வாகியும் இன்னும் இரண்டு பேரும். நான் என் சூத்திரத்தோடு தொடங்கினேன். இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். சுத்தமாக எழுதினேன். என் கையெழுத்து அழகு. அம்மோனியம் அயனிக்குக் கணக்குப் போட்டேன். முன் வரிசையில் ஒரு பெண் கையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டாள். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் போனை எடுத்தார்.

எலக்ட்ரான் கவர்தன்மைக்கு, அதாவது அணுவின் இழுக்கிற வலுவுக்கு வந்தேன். வித்தியாசம் இருந்தால் முனைவு, இல்லாவிட்டால் இல்லை என்றேன். உடனே ஒரு பையன், ஓசோனில் மூன்றும் ஒரே அணு, வித்தியாசமே இல்லை, ஆனால் அதற்கு முனைவு இருக்கிறதே சார் என்றான்.

எனக்கு விடை தெரியும். புத்தகத்து வார்த்தைகளில் வரிசையாகத் தெரியும். வாயைத் திறந்தேன். எதிரே இருந்த முகங்களைப் பார்த்தேன். அவளுடைய வாக்கியம் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அதைத் தொடக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். கடைசி வரிசைக்காரர் இன்னும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மூன்று பேரும் அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கொட்டாவி விட்ட பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாகம் பிரித்தேன். கொண்டுவந்தது ஆறு, கையில் இருப்பது எத்தனை என்று கேட்டேன். அறையே விழித்துக்கொண்டது. "வலு சமம்தான். ஆனா பாகத்துலயே நடுவுல உள்ளவன்..." என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினேன்.

"கொடுத்துட்டு நிக்கான்" என்றது மொத்த வகுப்பும்.

அதே இழுப்பு. என் மனைவியின் இழுப்பு. சிரித்தார்கள், கை தட்டினார்கள். கையில் மார்க்கரோடு நான் நின்றேன். திருடிய சைக்கிளைச் சொந்தக்காரன் வீட்டு வாசல் வழியாகவே ஓட்டிப்போனவன் மாதிரி நின்றேன்.

வகுப்பு முடிந்ததும் நிர்வாகி தன் அறையில் டீ வாங்கிக் கொடுத்தார். புனலூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலந்து வரும். நன்றாக இருந்தது, யோசித்துச் சொல்கிறோம் என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, அதைச் சொன்னார்.

"சாரே, உள்ளதைச் சொல்லட்டா. நாங்க முதல்ல மேடத்தைத்தான் விளிச்சது. எங்க வீட்டுல கெமிஸ்ட்ரின்னா சார்தான், அவரை விளிங்கன்னு மேடம்தான் பறஞ்சாங்க."

தென்காசியில் விசாரித்தோம் என்றது என் வீட்டில் விசாரித்ததைத்தான்.

டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. சாரலில் நனைந்தபடியே ஸ்கூட்டரில் வந்தேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மனைவியை நினைத்துக் கண் கலங்கியிருப்பான். எனக்கு வயிறுதான் எரிந்தது. பாடம் நடத்துவதிலும் அவள் கை மேல். இப்போது பெருந்தன்மையிலும் அவள் கைதான் மேலா? எனக்கென்று அவள் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லையே என்று நினைத்தேன்.

அவள் மாடியில் இருந்தாள். சீசனில் துணி காயாது, தகரக் கூரைக்குக் கீழே கொடி கட்டியிருப்போம். பாதி காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேலெல்லாம் நனைந்திருந்த என்னைப் பார்த்துத் துண்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"ஏட்டி, அவன் முதல்ல உன்னையா கூப்பிட்டான்?"

"ஆமா."

"நீ ஏன் போவல?"

சட்டையைத் திருப்பிப் போட்டாள். வீட்டைப் பார்க்க வேண்டும், தூரம் ஜாஸ்தி, உங்களுக்குத்தான் பொருத்தம் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எது சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.

"எனக்குப் போவணும்னுதான் இருந்துச்சு" என்றாள். "நான் போனா நீங்க தாங்க மாட்டீய. அதான்."

குரலில் கோபம் இல்லை. குக்கரில் இன்னும் ஒரு விசில் வரணும் என்று சொல்கிற குரல். மாடிப்படியில் நான் ஒளிந்து நின்றது அவளுக்குத் தெரியுமா, புளியறைக்காரரிடம் நான் பேசியதைக் கேட்டபோது என்ன நினைத்தாள், எதையும் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. நான் மூடி மூடி வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது, அவளுக்கு அரிசி விலை மாதிரி அன்றாடம் தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. அதற்குத் தகுந்த மாதிரி அவள் தன்னைக் குறைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு தாங்க மாட்டா? போ. இப்பவே போன் போட்டுச் சொல்லு, போ."

வீறாப்புக்குத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அவளிடம் எதை நீட்டினாலும் முதலில் 'வேண்டாம், இருக்கட்டும்' என்பாள். புதுச் சேலை என்றாலும் அதுதான், திருச்செந்தூர் போகலாமா என்றாலும் அதுதான். அதை நம்பித்தான் சொன்னேன். அவள் 'இருக்கட்டும்' என்பாள், நானும் 'உன் இஷ்டம்' என்று கீழே இறங்கிவிடலாம்.

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை. பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்தாள்.

"சார், நான் வாரேன்" என்றாள். "எப்ப வரணும்?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. பேசிக்கொண்டே, சாரல் தெறிக்கிற கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்து போனாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். அதற்கு அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்ததில்லை. யாரோ ஒரு புனலூர்க்காரன், சும்மா ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டான். கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று, அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.